குழந்தைகள் நலப் பணிக்கு நிதி: முதல் விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு

ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மாலைப் படிப்பகம் நடத்துவார்கள். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் வருவார்கள். இரண்டு வருடம் சொந்தக் காசில் ஓடும். மூன்றாவது வருடம் யாராவது வந்து, "கம்பெனிகளில் சிஎஸ்ஆர் பணம் இருக்கிறதாமே, கேட்டுப் பாருங்கள்" என்பார்கள். போய்க் கேட்டால் பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். "12ஏ இருக்கிறதா? 80ஜி இருக்கிறதா? சிஎஸ்ஆர்-1 எண் என்ன?" என்றுதான் கேட்பார்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். (சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம். 12ஏ அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு தரும் பதிவு. 80ஜி நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு தரும் பதிவு. சிஎஸ்ஆர்-1 எண் அந்தக் கம்பெனிப் பணத்தை வாங்கத் தேவையான பதிவு எண்.)

இந்த வழிகாட்டி அந்த நாலைந்து பேருக்காக, தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதப்பட்டது. சின்ன அமைப்புகளுக்குப் பணம் கிடைக்காமல் போவதற்குக் கொடுப்பவர்கள் இல்லாததைவிட வேறு இரண்டு காரணங்கள் பெரியவை. ஒன்று, காகிதங்களை வரிசை தவறி வாங்குவது. மற்றது, உண்மையான செலவைச் சொல்லக் கூச்சப்படுவது.

பணம் தேடும் முன்: பிள்ளைக்கு வர வேண்டியது வந்துவிட்டதா?

நன்கொடைப் பணத்தில் ஒரு குடும்பத்துக்கு மாதம் இரண்டாயிரம் கொடுக்கும் அமைப்புகள் உண்டு. அதே குடும்பத்துக்கு அரசிடமிருந்து அதைவிடக் கூடுதலாக வர வேண்டியிருக்கும், யாரும் விண்ணப்பித்திருக்க மாட்டார்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு உதவி, தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் ரூ.4,000. கணவரை இழந்தவர் அல்லது கணவரால் கைவிடப்பட்டவர் வளர்க்கும் பிள்ளை, பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை, உயிருக்கு ஆபத்தான நோயில் இருப்பவர்களின் பிள்ளை எல்லாம் இதில் அடங்குவார்கள். குடும்ப ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் ரூ.72,000, நகரத்தில் ரூ.96,000. மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். அலகு பெரும்பாலும் கலெக்டர் அலுவலக வளாகத்திலோ அதற்கு அருகிலோ இருக்கும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் மாதம் ரூ.2,000 தருகிறது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளும் 18 வயது வரை இதைப் பெறலாம்.

உங்களிடம் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆதார், பிறப்புச் சான்று, பெற்றோர் இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று குறியுங்கள். முதல் மூன்று மாதம் இந்த வேலையை மட்டும் செய்தாலும் போதும். பிற்பாடு திட்ட முன்மொழிவில் "இத்தனை பிள்ளைகளுக்கு அரசு உதவி பெற்றுத் தந்தோம்" என்று எழுத முடியும். பைசா செலவில்லாமல் கையில் நிற்கும் முதல் பலன் இதுதான்.

காகிதங்கள், அவற்றின் வரிசை

முதலில் அமைப்பைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மூன்று வழி. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளையாகப் பதியலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் சங்கமாகப் பதியலாம், அதற்கு ஏழு பேர் வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் பிரிவு 8-இன் கீழ் லாப நோக்கற்ற நிறுவனமாகவும் பதியலாம். புதியவர்களுக்கு அறக்கட்டளைதான் எளிது.

ஆவணத்தை மட்டும் கடையில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதிவிடாதீர்கள். மூன்று வரிகள் தெளிவாக இருக்க வேண்டும். வருமானமும் சொத்தும் அறங்காவலர்களின் சொந்தப் பயனுக்குப் போகாது. அமைப்பைக் கலைத்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அறநிறுவனத்துக்குத்தான் போகும். நோக்கங்களில் குழந்தைகளின் கல்வி, ஊட்டச்சத்து, பாதுகாப்பு என்ற சொற்கள் இருக்க வேண்டும், ஆய்வு செய்யும் எண்ணம் இருந்தால் "ஆய்வு" என்ற சொல்லும் வேண்டும். கடைசியில் சொன்னதை விட்டுவிட்டு, பிறகு ஆய்வுக்கு நிதி வரும்போது ஆவணத்தைத் திருத்த அலைபவர்கள் நிறையப் பேர்.

அடுத்து அமைப்பின் பெயரில் பான், பிறகு வங்கிக் கணக்கு. இருவர் சேர்ந்து கையெழுத்திடும் கணக்காக இருக்கட்டும், அதற்கான தீர்மானத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி. புது அமைப்புக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். வருமான வரிச் சட்டம் 2025, கடந்த 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. இருந்தாலும் துறையில் எல்லோரும் 12ஏ, 80ஜி என்றே சொல்கிறார்கள். விண்ணப்பிக்கும்போது போர்ட்டலில் காட்டும் எண்ணைப் பின்பற்றுங்கள்.

தற்காலிகப் பதிவு வந்ததும் பலர் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். முடியவில்லை. செயல்பாடு தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு காலாவதியாவதற்கு ஆறு மாதம் முன்பாக, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குள் முறையான (ரெகுலர்) பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டால் வரி விலக்கே போகும். சான்று கைக்கு வந்த அன்றே தேதியைக் கணக்கிட்டு, ஆடிட்டர், செயலாளர், பொருளாளர் மூவரின் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.

அடுத்தது நிதி ஆயோக் தொண்டு அமைப்புகளுக்காக நடத்தும் தர்ப்பண் போர்ட்டலில் பதிவு. இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு பதிந்து தருகிறோம் என்பவர்கள் பக்கம் போக வேண்டாம். கடைசியாக, கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 படிவம். அறங்காவலர் ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்தும் பட்டயக் கணக்காளர் போன்ற ஒருவரின் சான்றொப்பமும் இதற்கு வேண்டும்.

குழந்தைகள் இல்லம் தொடங்க நிதி கேட்கிறீர்களா?

தொடங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. நல்ல மனது கொண்டவர்களுக்கு முதலில் தோன்றுவது ஒரு கட்டடமும் இருபது கட்டிலும்தான். ஆனால் சட்டமும் அரசுத் திட்டங்களும் பிள்ளையைக் குடும்பத்தோடு வைத்துப் பராமரிப்பதையே முதலில் சொல்கின்றன. இல்லம் நடத்தியே ஆக வேண்டுமென்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் பிரிவு 41-இன் கீழ் பதிவு கட்டாயம், அது ஐந்தாண்டு செல்லும். பதிவில்லாமல் நடத்தினால் பிரிவு 42-இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "அம்மாவே கொண்டுவந்து விட்டார், நாங்கள் வைத்துக்கொண்டோம்" என்பது சட்டத்தில் நிற்காது. ஆதரவின்றி வரும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் கொண்டுபோக வேண்டும்.

யாரிடம் கேட்பது

உள்ளூர் மனிதர்களிடமிருந்து தொடங்குங்கள். மாதம் 500 ரூபாய் தரும் நூறு பேர் இருந்தால் ஆண்டுக்கு ஆறு லட்சம். எந்தக் கம்பெனி நின்றாலும் அது நிற்காது. 80ஜி ரசீது கொடுக்கும்போது இரண்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு வரிக்கழிவு கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. பின்னால் அவர்களுக்கே தெரியவந்தால் வருத்தம் உங்கள் மேல்தான் திரும்பும்.

அடுத்தது சிஎஸ்ஆர். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் ஆலை வைத்திருக்கும் கம்பெனிகளைப் பட்டியலிடுங்கள். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது. ஒவ்வொரு கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் சிஎஸ்ஆர் இணைப்பு ஒன்று இருக்கும். எந்தத் துறைக்கு, எந்தத் திட்டங்களுக்குப் பணம் போகிறது என்பதைப் பல கம்பெனிகள் அதிலோ தங்கள் இணையதளத்திலோ சொல்லியிருக்கும். அதைப் படிக்காமல் கடிதம் எழுதாதீர்கள். மரம் நடுவதற்கே மொத்தப் பணத்தையும் கொடுக்கும் கம்பெனிக்குப் படிப்பகத் திட்டம் அனுப்பினால் இரண்டு தரப்புக்கும் நேரம் வீண்.

காலமும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, திட்டங்களை முடிவு செய்வது முதல் காலாண்டில். ஜனவரியில் போய் நின்றால் மார்ச் 31-க்குள் செலவழித்து முடிக்கக்கூடிய தொகை கைக்கு வரும், அதற்கு நாற்காலி, மேசை வாங்கிக் கொடுப்பார்கள். ஆசிரியர் சம்பளம் கிடைக்காது. பல ஆண்டுத் திட்டமாக எழுதிக் கேளுங்கள். தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டு வரை "தொடர் திட்டம்" என்று நடத்த விதிகள் இடம் தருகின்றன.

இங்கே ஒரு தவறான புரிதல் அமைப்புகளை வாட்டுகிறது. "நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, சட்டம்" என்று கம்பெனி அதிகாரிகளே சொல்வார்கள். அந்த 5 விழுக்காடு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவைப் பராமரிக்கும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. திட்டத்தைச் செயல்படுத்தும் அமைப்பின் மேலாண்மைச் செலவு அதில் சேராது என்று அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட கேள்வி-பதிலில் தெளிவாக்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். சண்டை வேண்டாம், காட்டினால் போதும்.

அசிம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன், கிரை போன்ற உள்நாட்டு நிதி நிறுவனங்கள் சின்ன அமைப்புகளுக்கும் தருகின்றன. பேசத் தொடங்கியதிலிருந்து முதல் தவணை வரும் வரை பல மாதம் ஆகும். அதற்கிடையில் ஆள் அனுப்பி உங்கள் கணக்கையும் களத்தையும் பார்ப்பார்கள். அந்த வருகையைச் சோதனையாக எண்ணாமல் தெரியாததைக் கேட்டுக்கொள்ளும் வாய்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் ஒரு அடிகூட யோசிக்காமல் வைக்காதீர்கள். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கு அமைப்பு மூன்றாண்டாவது இயங்கியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் 15 லட்சமாவது நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் வரும் கணக்கு டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடு உச்சவரம்பு, வேறு அமைப்புக்குப் பகிர்ந்து தருவதற்குத் தடை. நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் தவறு உறவினர் பணத்தில்தான். சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டாலோ ஓசிஐ அட்டைக்காரர் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர்) என்றாலோ, ஆயிரம் ரூபாயானாலும் வெளிநாட்டு நன்கொடைதான். பதிவில்லாமல் வாங்கினால் தண்டனை சிறை வரை போகும். வெளிநாட்டில் இருப்பவர் தர முன்வந்தால் பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கி ரசீதோடு கோப்பில் வையுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

பட்ஜெட்: ஒரு பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது?

நாற்பது பிள்ளைகளின் மாலைப் படிப்பகத்தையே எடுத்துக்கொள்வோம். தொகைகள் ஒரு மாதிரிக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு:

பகுதி நேர ஆசிரியர் இருவர், மாதம் ரூ.10,000 வீதம்: 2,40,000
சமூகப் பணியாளர் ஒருவர், மாதம் ரூ.18,000: 2,16,000
சுண்டல், பால்: 40 பிள்ளைகள், 240 நாள், நாளுக்கு ரூ.15: 1,44,000
இட வாடகை, மாதம் ரூ.5,000: 60,000
நோட்டு, புத்தகம், படிப்புப் பொருள்கள்: 40,000
வீடு தேடிச் செல்லும் பயணம்: 30,000
ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மதிப்பீடு: 20,000
ஆசிரியர் பயிற்சி: 15,000
பகுதி நேரக் கணக்காளர், மாதம் ரூ.4,000: 48,000
தணிக்கை: 15,000
மின்சாரம், போன், இணையம்: 18,000

மொத்தம் 8,46,000. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 21,150, அதாவது மாதம் சுமார் 1,760 ரூபாய்.

புதியவர்கள் இதில் முதலில் வெட்டுவது கணக்காளர், தணிக்கை, போன் இந்த மூன்றையும்தான். மூன்றும் சேர்த்து 81,000, மொத்தத்தில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. "நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அந்தப் பணமும் பிள்ளைகளுக்கே போகட்டும்" என்று எழுதினால் நல்ல பெயர் வரும் என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு. வவுச்சர்கள் பையில் கிடக்கும், பிப்ரவரியில் ஆசிரியரே உட்கார்ந்து கணக்கு எழுதுவார், வகுப்பு நிற்கும், அறிக்கை தாமதமாகும், இரண்டாம் தவணை வராது. அதேபோல் ஆசிரியர் சம்பளத்தைக் குறைத்தால் நடு ஆண்டில் ஆள் மாறுவார். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே சூளை விட்டுச் சூளை மாறி ஒவ்வொரு முறையும் ஆசிரியரை இழந்தவர்கள். இங்கேயும் அதுவே நடக்கக் கூடாது. உண்மைச் செலவை எழுதுங்கள், கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லுங்கள்.

ஒரே செலவை இரண்டு நன்கொடையாளரிடம் காட்டக் கூடாது. சமூகப் பணியாளரின் சம்பளத்தில் பாதி ஒருவர், பாதி மற்றவர் என்றால் அதை இரண்டு பட்ஜெட்டிலும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

தரவு: சின்ன அமைப்பின் ஆய்வு

திட்ட முன்மொழிவில் "எங்கள் பகுதியில் குழந்தைகள் மிகவும் பாதிக்கப்பட்டுள்ளனர்" என்ற வரிக்கு மதிப்பில்லை. பொதுத் தரவை ஒரு வரியும் உங்கள் பதிவேட்டை மூன்று வரியும் எழுதுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினருக்கு 18 வயதுக்கு முன் திருமணம் நடந்ததாகக் காட்டுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லை என்கிறது. மாவட்ட வாரியான பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, உங்கள் மாவட்டத்தின் எண்ணையே போடுங்கள்.

பதிவேட்டுக்கு வருவோம். வருகைப் பதிவில் டிக், ஏ இரண்டோடு நிறுத்தாமல் "வராத காரணம்" என்று ஒரு கட்டம் சேருங்கள். தம்பியைப் பார்த்துக்கொண்டாள், சூளையில் அம்மாவோடு கல் திருப்பினான், காய்ச்சல், ஊருக்குப் போனார்கள் என்று ஒரு சொல் போதும். ஆறு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். வராத நாட்களில் பெரும்பகுதி தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதால்தான் என்று தெரிந்தால், உங்களுக்கு வேண்டியது இன்னொரு ஆசிரியரல்ல, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாயும் பார்த்துக்கொள்ள ஒரு அக்காவும். அடுத்த விண்ணப்பத்தின் உயிர் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. வாசிப்பை அளக்க, பிரதம் அமைப்பின் ஏசர் கருவி தமிழிலேயே கிடைக்கிறது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான். ஜூனில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை எடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆய்வுக்கு நிதி வேண்டுமென்றால், இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றம் போன்றவை பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், ஆய்வு நிறுவனங்கள் வழியாகவே பெரும்பாலும் தருகின்றன. அருகிலுள்ள கல்லூரியின் சமூகப் பணித் துறையோடு சேருங்கள். களம் உங்களுடையது, முறையியல் அவர்களுடையது. தரவு யாருக்குச் சொந்தம், அறிக்கையில் யார் பெயர் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல், பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் மூன்றும் வேண்டும். "இங்கே சொல்வது யாருக்கும் தெரியாது" என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். பேட்டியில் பாலியல் வன்முறை வெளிவந்தால் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டத்தின் பிரிவு 19-இன்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் குற்றம். "உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடியவர்களிடம் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ஆலோசகர் ஒருவரின் கட்டணத்தையும் ஆய்வுப் பட்ஜெட்டில் சேருங்கள்.

படங்கள் விஷயம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74 தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் உண்டு. நன்கொடையாளர் "முகம் தெரியும் படம் அனுப்புங்கள், ஊழியர்களுக்குக் காட்ட வேண்டும்" என்று கேட்பார். கைகள் எழுதும் படம், கரும்பலகை, பின்புறமிருந்து எடுத்த வகுப்பு இவற்றை அனுப்புங்கள், பிரிவு எண்ணையும் கூடவே எழுதுங்கள். பொதுவாகவே புரிந்துகொள்வார்கள்.

பணம் வந்த பிறகு

ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் கணக்கு, இல்லாவிட்டால் தனிப் பேரேடாவது வேண்டும். அரசு மானியம் என்றால் தனி வங்கிக் கணக்கே நல்லது. மத்திய அரசு மானியத்தில் விழும் வட்டியைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதை எடுத்துச் செலவு செய்தால் பயன்பாட்டுச் சான்றில் சிக்கும். பொது நிதி விதிகள் 2017-இல் இந்தச் சான்றுக்கான படிவம் 12-ஏ, துறையில் "யூசி" என்பார்கள். யூசி போகாவிட்டால் அடுத்த தவணை நகராது. ஆகவே மார்ச் முடியக் காத்திராமல் மாதா மாதம் அதே படிவத்தின் கட்டங்களில் செலவை நிரப்பிக்கொண்டே வாருங்கள்.

சுண்டலுக்குக் கடலை வாங்கிய சீட்டில் கடையின் பெயரும் தேதியும் இல்லையென்றால், அன்றே ஒரு உள் வவுச்சர் எழுதி, வாங்கியவரும் பொறுப்பாளரும் கையெழுத்திட்டு, அந்தச் சீட்டை அதில் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து எழுதினால் மையின் நிறமே காட்டிக்கொடுக்கும். பட்ஜெட்டில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற வேண்டி வந்தால், மாற்றும் முன் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். முன்னதாகக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், செலவழித்துவிட்டுச் சொன்னால் சந்தேகம் வரும்.

வருமான வரிப் பக்கம் நினைவில் வைக்க வேண்டியவை: ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டே நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். மார்ச் 30 அன்று பெரிய சிஎஸ்ஆர் தொகை வந்து விழுந்தால் இதில் சிக்கல் வரும், அன்றே ஆடிட்டரிடம் சொல்லுங்கள், அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வழி உண்டு, ஆனால் அதற்கும் கெடு உண்டு. நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் துறையின் தளத்தில் ஏற்றினால்தான் அவர்களுக்கு 80ஜி சான்று உருவாகும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.200 கட்டணம். மாதம் 500 ரூபாய் தந்த அந்த நூறு பேரின் பான் எண்ணை மே மாதத்தில் ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்காமல், முதல் ரசீது எழுதும்போதே வாங்கிப் பதிந்துவிடுங்கள்.